சேலத்தில் சட்டை தைக்க நல்ல டெய்லர் யார்? கத்தரி யார் கையில் என்று கேளுங்கள்

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து மாற்றலாகி சேலம் வந்து நாலு மாதம் ஆகிறது. ரெடிமேடில் 40 எடுத்தால் தோள் சரியாக இருக்கிறது, வயிறு பிடிக்கிறது. 42 எடுத்தால் வயிறு சரி, தோள் தொங்குகிறது. தைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றால் யாரிடம் போவது? ஒரே ஒரு கடைப் பேர் சொன்னால் போதும்.

கடைப் பேர் சொல்ல மாட்டேன். ரகசியம் ஒன்றும் இல்லை. இன்றைக்கு நான் சொல்லும் பேர் அடுத்த தீபாவளிக்குப் பொய்யாகிவிடலாம், அதுதான் காரணம். என் அப்பா செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் 31 வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தார். அதற்குள் நாலு கடை மாறினார். ஒவ்வொரு தடவையும் விஷயம் தெரிந்த ஐம்பது அறுபது பேர் துணியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தார்கள். தெரியாதவர்கள் பழைய கடைக்கே போய், “முன்ன மாதிரி இல்லீங்களே” என்று முதலாளியிடம் சண்டை போட்டார்கள். போர்டு அதே இடத்தில்தான் இருந்தது. கத்தரி இடம் மாறிவிட்டது.

நான் அந்தத் தொழிலுக்குப் போகவில்லை. ஜவுளிக்கடையில் ஷர்ட்டிங் கவுன்ட்டரில் 18 வருஷம் மீட்டர் அளந்து கிழித்தேன். ஆக, மேசைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இரண்டும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு டெய்லர் கடைக்குள் உங்கள் துணி என்ன பாடு படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்னால் நிற்கிறவர் அளவு எடுத்து பில் புக்கில் எழுதுவார். உள்ளே மாஸ்டர் வெட்டுவார். வெட்டினதைக் கட்டாகக் கட்டி பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவரிடம் கொடுப்பார்கள். அவர் கடை மாடியில் இருக்கலாம். பொன்னம்மாபேட்டையில் தன் வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டுத் தைக்கிறவராகவும் இருக்கலாம். அப்புறம் காஜா, அதாவது பட்டன் துளை, எடுக்க இன்னொரு இடம், பட்டன் கட்ட ஒருவர், அயர்ன் பண்ண ஒருவர். இத்தனை பேரில் உங்கள் உடம்பை நேரில் பார்த்தவர் அளவு எடுத்தவர் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் நீங்கள் ஏழெட்டு எண்கள்.

கடைக்குள் நுழைந்ததும் கேட்க வேண்டிய கேள்வி இதனால்தான் ஒன்றே ஒன்று: “அளவு எடுக்கிறவரும் வெட்டுறவரும் ஒரே ஆளுங்களா?” ஆமாம் என்றால் உட்காருங்கள். இல்லை என்றால், “மாஸ்டரைக் கொஞ்சம் வெளிய வந்து என்னைப் பார்க்கச் சொல்லுங்களேன்” என்று கேளுங்கள். நல்ல மாஸ்டர் கழுத்தில் டேப்போடு வந்து நிற்பார். “அதெல்லாம் வேண்டாம் சார், அளவு இருக்குல்ல” என்று முதலாளி பதில் சொன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

அப்பா பில் புக்கில் எண்களுக்குக் கீழே சின்னதாக ஏதோ கிறுக்கி வைப்பார். ‘வ.தோ.இ’ என்று ஒன்று, ‘மு.கூ’ என்று ஒன்று. கஸ்டமர் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டால், “அது எங்க கணக்கு சார்” என்பார். வலது தோள் இறக்கம், முதுகு கூன் என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? வலது கைப் பழக்கம் உள்ள பலருக்கு வலது தோள் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். ரெடிமேட் கம்பெனி இரண்டு தோளும் சமம் என்று வைத்து வெட்டுகிறது. இறங்கிய பக்கத்தில் காலரடியிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக ஒரு சுருக்கம் விழுவது அதனால்தான். கண்ணாடி முன் நின்று பாருங்கள், உங்களுக்கும் இருக்கலாம். டேப் இதைச் சொல்லாது, கண்தான் சொல்லும். டேப் வைக்கும் முன்னால் இரண்டு நிமிஷம் உங்களைச் சும்மா நிற்க வைத்துப் பார்க்கிற ஆள் கிடைத்தால் விடாதீர்கள்.

இனி, எங்கே தேடுவது. சேலத்தில் தெருவுக்கு ரெண்டு டெய்லர் இருக்கிறார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பிளவுஸ், சுடிதார் தைக்கிறவர்கள். மிச்சத்திலும் பேண்ட் மாஸ்டர் வேறு, ஷர்ட் மாஸ்டர் வேறு. இரண்டையும் ஒரே கை நன்றாக வெட்டுவது அபூர்வம். என் யோசனை, கடையைத் தேடாதீர்கள், சட்டையைத் தேடுங்கள். தினமும் வெள்ளைச் சட்டை போட்டே ஆக வேண்டிய ஆட்கள் ஊரில் யார் யார்? வக்கீல்கள், எல்ஐசி ஏஜென்ட்டுகள், கட்சிக்காரர்கள். அஸ்தம்பட்டி கோர்ட் வாசலில் காலை பத்து மணிக்கு ஒரு டீ சொல்லிவிட்டு நின்று பாருங்கள். காலர் நிமிர்ந்து, தோள் தையல் சரியாகத் தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார்ந்திருக்கிற சட்டையைக் கண்டால், “அண்ணா, தப்பா நினைக்காதீங்க, இது எங்க தைச்சது?” என்று கேட்டுவிடுங்கள். நல்ல சட்டை போட்டவர் இந்தக் கேள்விக்கு ஒருநாளும் கோபித்துக்கொள்ள மாட்டார். கடைப் பேரோடு மாஸ்டர் பேரையும் சேர்த்தே சொன்னால் அந்த ஆள் உண்மையான கஸ்டமர்.

இன்னொரு வழி, காக்கி தைக்கிறவர்கள். போலீஸ் சட்டையில் தோள்பட்டி இருப்பதால் தோள் கால் இன்ச் தவறினாலும் தூரத்திலிருந்தே தெரியும். அதனால் யூனிஃபார்ம் மாஸ்டர்களின் வெட்டு கச்சிதமாக இருக்கும். ஆனால் கனத்த துணியிலேயே பழகிய கை. அதே தடி ஊசி, தடி நூலோடு உங்கள் மெல்லிசு காட்டனைத் தைத்தால் தையல் ஓரமெல்லாம் சுருங்கும். காக்கி தைக்கிறவரிடம் போனால் மெல்லிசு துணிக்கு ஊசி மாற்றுவாரா என்று கேளுங்கள்.

தைத்து மாட்டி வைத்திருக்கும் சட்டைகளைக் கடையில் எல்லோரும் பார்க்க விடுவார்கள். விலைக்கு வாங்குகிறவர் மாதிரி முன்பக்கம் பார்க்காதீர்கள். உட்புறத்தைத் திருப்புங்கள். பக்கவாட்டுத் தையல் வெறும் ஓவர்லாக் (துணி விளிம்பு பிசிறாமல் நூலால் சுற்றி அடிப்பது) அடித்து விட்டிருக்கிறதா, இல்லை துணி விளிம்பை உள்ளே மடித்து ரெண்டு தையலாக அடக்கியிருக்கிறதா? அடக்கித் தைத்தது உழைக்கும், உடம்பில் உரசாது. பட்டன் பட்டியில் இன்ச் டேப்பை வைத்து ஒரு இன்ச்சுக்கு எத்தனை தையல் என்று எண்ணுங்கள். பத்துக்குக் கீழே என்றால் பீஸ் ரேட்டுக்கு ஓட்டித் தள்ளியிருக்கிறார்கள். பதினான்கு, பதினைந்து இருந்தால் நிதானமாகத் தைத்த கை. காஜாவின் பின்பக்கம் நூல் பிசிறிக்கொண்டு நிற்கக் கூடாது. கட்டம் போட்ட சட்டை தொங்கினால் பாக்கெட்டைப் பாருங்கள். கட்டம் உடம்புத் துணியின் கட்டத்தோடு விட்டுப்போகாமல் ஓட வேண்டும். டெய்லர் போட்டிருக்கும் சட்டையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பல டெய்லர்கள் போட்டிருப்பது கஸ்டமர் வாங்க வராமல் விட்ட சட்டை.

காலரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், சட்டையின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது. காலருக்குள் விறைப்புக்காக ஒரு கேன்வாஸ் வைப்பார்கள். இப்போது பெரும்பாலும் ஒட்டுகிற கேன்வாஸ். அதன் ஒரு பக்கத்தில் பசை இருக்கும், சூட்டில் உருகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். கம்பெனிகளில் இதற்கென்றே மெஷின் இருக்கிறது, சூடும் அழுத்தமும் எல்லா இடத்திலும் ஒரே சீராக விழும். டெய்லர் கடையில் அதை அயர்ன் பெட்டியால் தேய்த்து ஒட்டுவார்கள். அவசரமாகத் தேய்த்தால் அங்கங்கே ஒட்டாது. பத்து சலவையில் காலரில் அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஒட்டாத கேன்வாஸ் வைத்துத் தைப்பது பழைய முறை. கொப்புளம் வராது, கழுத்துக்கு மென்மை, ஆனால் கேன்வாஸை முன்கூட்டியே தண்ணீரில் நனைத்துச் சுருங்க விட்டுத்தான் வைக்க வேண்டும். இல்லையென்றால் துணி ஒரு அளவுக்கும் கேன்வாஸ் ஒரு அளவுக்கும் சுருங்கி, காலர் முனை வானத்தைப் பார்க்கும். “கேன்வாஸ் நனைச்சு வைப்பீங்களா?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு டெய்லர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தால், தொழில் தெரிந்தவர்.

நனைப்பது உங்கள் துணிக்கும் பொருந்தும். காட்டன் முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குகூடச் சுருங்கும். கைத்தறி, கதர் என்றால் இன்னும் அதிகம். தைக்கும் நூலோ இப்போது பாலியெஸ்டர், சுருங்கவே சுருங்காது. துணி சுருங்கி நூல் அப்படியே நின்றால் தையல் ஓரம் முழுக்க நெளிநெளியாகிவிடும், எத்தனை தேய்த்தாலும் போகாது. வாங்கிய துணியை ராத்திரி ஒரு பக்கெட் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் காயவைத்து, தேய்த்து, அப்புறம் டெய்லரிடம் கொண்டுபோங்கள். கவுன்ட்டரில் நின்ற 18 வருஷத்தில் இதை ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பேன். செய்தவர் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

துணி எவ்வளவு எடுப்பது? பன்னா என்றால் துணியின் அகலம். 58 இன்ச் பெரிய பன்னாவில் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர் என்பது கடைக் கணக்கு. ஒரு சட்டைக்கென்று வெட்டி வைத்து விற்கும் ஷர்ட் பிட்டெல்லாம் அந்த அளவில்தான் வரும். 36 இன்ச் சின்ன பன்னா என்றால் இரண்டேகால் மீட்டருக்குக் குறையாது. நீங்கள் வயிற்றைப் பற்றிச் சொல்லியிருப்பதாலும், நனைத்தால் கொஞ்சம் போகும் என்பதாலும், பிட்டாக வாங்காமல் தானிலிருந்து, அதாவது முழுத் துணிச் சுருளிலிருந்து, 1.75 மீட்டர் கிழித்து வாங்குங்கள். கட்டம், கோடு என்றால் பொருத்தி வெட்ட இன்னும் 10, 15 சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நூலின் மென்மைக்குக் கவுன்ட் என்று ஒரு எண் சொல்வார்கள். தறிக்காரர் நிறைந்த ஊரில் இருப்பதால் இதை யாரும் விளக்கிவிடுவார்கள்: 840 கெஜம் நீளமுள்ள சிட்டா (நூல் கட்டு) ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை வருகிறதோ அதுதான் கவுன்ட். எண் ஏற ஏற நூல் மெல்லிசு, விலையும் ஏறும். ஆனால் 120, 140 என்று சேல்ஸ்மேன் மயக்கினால் முதல் சட்டைக்கு மயங்காதீர்கள். மெல்லிசு துணி தைப்பதற்கும் பராமரிப்பதற்கும் செல்லம் கேட்கும். முதல் சட்டைக்கு 80 கவுன்ட் பாப்ளின், கட்டமோ கோடோ இல்லாத வெளிர் நீலம். வெளிர் நிறத்தில் எந்தச் சுருக்கமும் ஒளிய முடியாது, டெய்லரின் தப்பு அப்படியே தெரியும். லினன் வேண்டாம் என்பேன். சேலத்து மே மாத வெயிலுக்கு அதைவிட நல்ல துணி இல்லைதான், ஆனால் அது இயல்பிலேயே கசங்கும். கசங்கலுக்குள் வெட்டுத் தப்பெல்லாம் மறைந்துவிடும். டெய்லர் கை தெரிந்த பிறகு லினன். வெண்பட்டு வேட்டிக்குச் சேரும் பட்டுச் சட்டை என்று யாராவது ஆசை காட்டினாலும் அதே பதில். பட்டு ஊசிக்கடியில் வழுக்கும், ஒருமுறை பிரித்தால் ஓட்டை நிற்கும்.

அளவு கொடுக்கும்போது பழைய ரெடிமேட் சட்டையை ‘அளவுச் சட்டை’ என்று நீட்டாதீர்கள். அதில் உள்ள தப்பையும் சேர்த்து அப்படியே எடுத்துக் கொடுப்பார். உடம்பில் அளவு எடுக்கச் சொல்லுங்கள். வயிற்றை இழுத்துப் பிடிக்காதீர்கள். இது எல்லா ஆண்களும் செய்கிற காரியம், டேப்பைப் பார்த்ததும் மூச்சு தானாக உள்ளே போய்விடும். அப்பா இதற்காகவே வயிற்று அளவு எடுக்கும்போது, “சாப்பிட்டாச்சுங்களா?” என்று பேச்சுக் கொடுப்பார். பதில் சொல்ல மூச்சை விட்டே ஆக வேண்டும்.

உங்கள் பிரச்சினைக்கு முக்கியமானது, உட்கார்ந்தும் ஒரு அளவு எடுக்கச் சொல்வது. வங்கியிலோ ஆபீஸிலோ நாள் முழுக்க உட்காருகிற ஆளுக்கு நின்ற அளவில் தைத்தால், உட்கார்ந்ததும் மூன்றாவது, நான்காவது பட்டனுக்கு நடுவே வாய் திறந்து பனியன் தெரியும். பட்டன் இடைவெளியை மேலிருந்து மூன்று, மூன்றரை இன்ச் என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்காமல், வயிறு எங்கே முட்டுகிறதோ அந்த உயரத்தில் ஒரு பட்டன் விழும்படி பார்த்து வைக்கலாம். அது மாஸ்டர் இரண்டு நிமிஷம் யோசித்தால் முடிகிற வேலை. கூலி கூட ஏறாது.

அடுத்தது கைக்குழி, கை சேரும் இடத்தில் உள்ள வட்டம். “லூசா வைங்க, கை தூக்க வசதியா இருக்கணும்” என்று நாமே சொல்லிக் கெடுத்துக்கொள்கிறோம். கைக்குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் கூடவே மேலே ஏறும். அக்குளுக்கு நெருக்கமாக இருந்தால்தான் கை மட்டும் போகும், சட்டை இடுப்பிலேயே நிற்கும். அப்பாவின் சோதனை இதற்கு ஒன்று உண்டு. ட்ரையல் போட்டுப் பார்க்கும்போது, “டவுன் பஸ்ஸுல மேல் கம்பியைப் பிடிங்க” என்பார். கஸ்டமர் கடை நடுவில் ஒரு கையைத் தூக்கி நிற்பார். இன் பண்ணிய சட்டை பெல்ட்டுக்கு மேலே பொங்கி வந்தால், அப்பா ஒன்றும் சொல்லாமல் சாக்பீஸை எடுப்பார்.

ஆக, முதலில் ஒரே ஒரு சட்டை மட்டும் தைக்கக் கொடுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம், அடிபட்டவன் நான். அப்பா போன பிறகு, கட்டிங் மாஸ்டர் மகனுக்கு யார் என்ன சொல்வது என்ற திமிரில் ஒரு பெரிய கடையில் மூன்று துணியை ஒரே நாளில் கொடுத்தேன். கண்ணாடிக் கதவு, ஏசி, கம்ப்யூட்டர் பில். மூன்று சட்டையிலும் பின் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. வெட்டில் நடந்த தப்பு, பிரித்துச் சரி செய்ய முடியாது. “போகப்போக செட் ஆயிடும் சார்” என்றார்கள். அது செட் ஆகவில்லை, மச்சானுக்குப் போயிற்று.

முதல் சட்டையை வாங்கியதும் பாராட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். மூன்று தடவை துவைத்து, போட்டு, உட்கார்ந்து எழுந்து, எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அதே சட்டையை மாட்டிக்கொண்டே கடைக்குப் போங்கள். வாயால் “டைட்டா இருக்கு” என்பதைவிட உடம்பில் காட்டுவது மேல். அதைப் பார்த்துவிட்டு மாஸ்டர் அளவுப் புத்தகத்தில் உங்கள் பக்கத்தைத் தேடி எடுத்துப் பழைய எண்ணை அடித்துப் புது எண் எழுதினால், ரெண்டாவது துணியைக் கொடுங்கள். “துணி அப்படி சார்” என்று துணி மேல் பழி போட்டால் அந்த உறவு அங்கேயே முடிந்தது. பெரும்பாலும் மூன்றாவது சட்டைதான் உங்கள் சட்டையாக வரும்.

கூலி, நான் பார்க்கும் கடைகளில் தெருமுனை டெய்லரிடம் 300, 350 ரூபாயில் தொடங்குகிறது. போர்டு போட்ட பெரிய கடையில் 600, 700 கேட்பார்கள். கூடுதல் பணம் நல்ல வெட்டுக்குப் போகிறதா, கண்ணாடிக் கதவுக்குப் போகிறதா என்பதை மேலே சொன்ன கேள்விகளால் கண்டுபிடியுங்கள். பேரம் பேசி 50 ரூபாய் குறைத்தால் அந்த 50 முதலாளியிடமிருந்து போகாது. தைக்கிறவர் கூலியில் போகும், உங்கள் சட்டையில் தையல் எண்ணிக்கையில் தெரியும்.

நேரம் பார்த்துப் போவது பாதி வெற்றி. ஜூனில் பள்ளி யூனிஃபார்ம் மலை மாதிரி குவிந்திருக்கும். ஆவணி முகூர்த்தம் தொடங்கிவிட்டால் மாஸ்டருக்குத் தலை நிமிர நேரமில்லை. புரட்டாசி கடைசியிலிருந்து தீபாவளி ஆர்டர், அப்போது புது ஆளின் தோளைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஆடிதான் சரியான மாதம். கல்யாணம் இல்லை, ஜவுளிக்கடையில் தள்ளுபடி, மாஸ்டர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நடக்கும் வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், தைக்கிற ஆள் பாதிப் பேர் வேலைக்கு வர மாட்டார்கள். ஏற்காட்டிலிருந்து எஸ்டேட்காரர் ஒருவர் வருஷா வருஷம் ஆடியில்தான் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அப்பாவிடம் வருவார். முழுக்கை கனத்த துணியில் ஆறு சட்டை, ஒரு வருஷத்துக்கு. அவசரமே காட்ட மாட்டார், அதனாலேயே அவருக்கு நல்ல வேலை நடந்தது.

கடைசியாக ஒன்று. சட்டையை வாங்கும்போது மிச்சத் துணியைக் கேட்டு வாங்குங்கள். பழைய மாஸ்டர்கள் கேட்காமலே சுருட்டிப் பையில் வைத்துவிடுவார்கள். மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கும்போதே, ரெண்டு மூன்று வருஷத்தில் காலர் மடிப்பு மட்டும் கழுத்தில் உரசி உரசி நைந்துபோகும். அந்தத் துண்டில் புதுக் காலர் வெட்டிப் போட்டுவிடலாம். துண்டு இல்லாவிட்டால் இருக்கும் காலரையே பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைக்கலாம். “காலர் திருப்பித் தருவீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் சின்னப் பையன்களுக்கு அப்படி ஒன்று உண்டு என்பதே தெரியாது. உள்ளேயிருந்து ஒரு வயசானவர் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்து, “கொண்டாங்க தம்பி” என்றால், அளவுப் புத்தகத்தில் உங்கள் பேரை எழுதச் சொல்லிவிட்டு வாருங்கள்.